வீட்டினுள் பைகஸ் மரம்: இலையுதிர்வும் பரிகாரமும்

ஆல், அரசு, அத்தி, இச்சி ஆகிய மரங்களை அறியாத குடியானவர் நம் நாட்டில் இல்லை. இவற்றின் இனத்தைச் சேர்ந்த மற்றொரு மரம் சமீப காலமாய்த் தொட்டிகளில் ஏறி, வீட்டுக் கூடங்களிலும், கிராமக் கச்சேரிகளிலும், கூட்டுறவுச் சங்கங்களிலும், கலியாண மண்டபங்களிலும் வந்து நிற்கின்றது. நாற்றுப் பண்ணைக்காரர்கள் இதனைப் 'பைகஸ்' என்று ஒரே சொல்லால் வழங்குகின்றனர். அச்சொல் ஆலும் அத்தியும் அடங்கிய இனம் முழுமைக்கும் பொதுப் பெயராதலால், வாங்குவோர் 'பைகஸ் பெஞ்சமினா' என்று முழுப் பெயரையும் சொல்லிக் கேட்பது உசிதம். ஸ்வீடன் தேசத்துச் சாஸ்திரியாகிய லின்னேயஸ் 1767-ம் வருஷத்தில் இப்பெயரை இட்டார். கிளைகளின் நுனி தாழ்ந்து தொங்குவதாலும், இலைகள் இரண்டு முதல் நான்கு அங்குல நீளத்தில் பளபளப்பாயும் நுனி கூர்ந்தும் இருப்பதாலும், இதனை எளிதில் அடையாளம் கண்டுகொள்ளலாம்.

இம்மரத்தைப் பற்றி இங்கு எழுத நேர்ந்த காரணம் யாதெனில், இதை வாங்கி வைத்தவர்களில் அநேகர் ஒரே விதமான முறையீட்டுடன் வருகின்றனர். பண்ணையில் பச்சைப் பசேலென்று நின்ற மரம், கூடத்துக்கு வந்த இரண்டு மூன்று வாரத்துக்குள் இலைகளைக் கொட்டிவிடுகின்றது. தினந்தோறும் ஒரு முறம் இலை பெருக்குகிறோம் என்கின்றனர். பிறகு அதற்கு மேலும் மேலும் தண்ணீர் விடப்படுகின்றது; எரு இடப்படுகின்றது; கடைசியில் வெறுங் குச்சியாய் நிற்பதைக் கண்டு கொல்லைப்புறத்தில் எறிந்துவிடுகின்றனர். சொந்தப் பணத்தில் வாங்கியதானால் அவரோடு போயிற்று. ஊராட்சிப் பணத்தில் பத்துத் தொட்டிகள் வாங்கி, தணிக்கை வரும்போது பத்துக் குச்சிகளைக் காட்டும்படி நேர்வது வருந்தத்தக்கதே. இவ்வாறு எறியப்படும் மரங்களில் பெரும்பாலானவை இலை கொட்டிய சமயத்தில் உயிரோடிருந்தவை என்பதும், அவற்றைப் பின்னர் கொன்றது தண்ணீரே என்பதும் என் துணிபு.

முதலில் இம்மரத்தின் இயல்பை அறிந்துகொள்ளல் வேண்டும். இந்தியா முதல் தெற்குச் சீனம், மலேயா, ஆஸ்திரேலியாவின் வட பாகம் வரையில் இது இயற்கையாய் வளர்வது. திறந்த வெளியில் நட்டால் 60 அடி முதல் 100 அடி வரை உயரும். இலங்கையில் கண்டியை அடுத்த பேராதனைப் பூந்தோட்டத்தின் பெரிய புல்வெளியில் உள்ள இவ்வின மரம் ஒன்று சுமார் 2,500 சதுர மீட்டர் இடத்தைக் கவித்து நிற்கின்றது. நம் கணக்கில் அது ஏறக்குறைய 62 சென்ட் நிலமாகும். சயாம் தேசத்துத் தலைநகராகிய பாங்காக், இதனைத் தன் நகரத்துக்குரிய மரமாகவே ஏற்றுக்கொண்டிருக்கின்றது. இத்தகைய வெயில் மரத்தைத்தான் நாம் பத்தங்குலத் தொட்டியில் அடக்கிக் கூடத்து மூலையில் வைக்கின்றோம். அது உயிர் வாழ்வதே அதன் பெருந்தன்மை என்று சொல்ல வேண்டும்.

இனி இலையுதிர்வின் காரணத்தைக் கவனிப்போம். இம்மரம் வெயிலில் ஒரு வகை இலையையும் நிழலில் வேறொரு வகை இலையையும் உண்டாக்குகின்றது. வெயிலிலை தடித்தது, சிறியது, சற்று மடிந்து நிற்பது. நிழலிலை மெல்லியது, அகன்றது, மட்டமாய் விரிந்து கிடைக்கும் வெளிச்சம் முழுவதையும் ஏந்துவது. அமெரிக்காவில் இவ்விரண்டையும் பூதக்கண்ணாடியில் ஒப்பிட்டுப் பார்த்து 1982-ம் வருஷத்தில் வெளியிட்ட ஆராய்ச்சியில், இலையின் உள்ளமைப்பே வேறுபடுவது ருசுவாயிற்று.

வெயிலிலையைப் பெரிய குடும்பம் வைத்து நடத்தும் மிராசுதாருக்கு ஒப்பிடலாம். வரவும் பெரிது, செலவும் பெரிது. வெளிச்சம் குறைந்த அறைக்கு வந்தவுடன் வரவு நின்றுபோகின்றது, செலவோ நிற்பதில்லை. இலையானது தான் தயாரிக்கும் உணவைக் காட்டிலும் மிகுதியாய்ச் செலவிடத் தொடங்கும்போது, மரம் அவ்விலையைக் கழித்துவிடுகின்றது. ஆகவே இலையுதிர்வு வியாதியன்று. புதிய இடத்துக்கு ஏற்ற இலையை உண்டாக்கிக்கொள்வதற்கு முன், பழைய பாரத்தை இறக்கி வைப்பதே அது.

நமது கண்கள் இவ்விஷயத்தில் நம்மை ஏமாற்றிவிடுகின்றன. உச்சி வெயிலின் வெளிச்சத்தை அளவு கருவியால் அளந்தால் ஒரு லட்சம் லக்ஸ் வரையில் காட்டும். ஜன்னலிலிருந்து பத்தடி தள்ளிய மூலையில் அக்கருவி சில நூறு லக்ஸுக்கு மேல் காட்டுவது அரிது. அவ்விடத்தில் நாம் தடையின்றிப் பத்திரம் படிக்கின்றோம். ஆகையால் மரத்துக்கும் அது போதும் என்று நினைக்கின்றோம். மரத்தின் கணக்கிலோ அது நூறு பங்கு வருமானம் ஒரு பங்குக்கும் கீழே இறங்கியதாகும்.

இதற்குப் பரிகாரம் நம் குடியானவர்களுக்குப் புதிதன்று. நிழலில் வளர்த்த மிளகாய் நாற்றையோ புகையிலை நாற்றையோ ஒரே நாளில் கடும் வெயிலில் நடுவாரில்லை. சில தினங்கள் தண்ணீரைக் குறைத்து, நிழலைச் சிறிது சிறிதாய் நீக்கி, நாற்றைக் கெட்டிப்படுத்திய பின்னரே நடுகின்றோம். அதே முறையைத் தலைகீழாய்ச் செய்வதே இங்கு வேண்டியது. வெயிலிலிருந்து நிழலுக்கு மரத்தைப் படிப்படியாய் இறக்குதல் வேண்டும். அமெரிக்காவின் பிளாரிடா ராஜ்யத்தில், அபோப்கா ஆராய்ச்சி நிலையத்தில் கானோவர், பூல் என்ற இரு நிபுணர்கள் 1970-ம் வருஷங்களில் இம்முறையை விரிவாய்ப் பரீட்சித்தனர். நிழலில் பழக்கிய மரங்களே அறைக்குள் இலை தங்கி நின்றன. இன்னொரு விஷயமும் விளங்கிற்று. பழக்கும் காலத்தில் உரத்தையும் குறைத்தல் அவசியம். உரம் மிகுந்து மண்ணில் உப்பு ஏறிய மரம், நிழலுக்கு வந்தும் நிலைப்பதில்லை.

நமது சீதோஷ்ண நிலைக்கு இதனைச் செய்யும் விதம் பின்வருமாறு. வாங்கிய மரம் திறந்த வெயிலில் வளர்ந்ததாயின், முதல் ஒரு மாதம் பாதி வெயிலைத் தடுக்கும் நிழல்வலையின் கீழோ, வேம்பு புங்கு போன்ற மரத்தடியிலோ வைக்க வேண்டும். அடுத்த ஒன்றரை அல்லது இரண்டு மாதம் முக்கால் பங்கு வெயிலைத் தடுக்கும் வலையின் கீழோ, வடக்கு நோக்கிய தாழ்வாரத்திலோ வைக்க வேண்டும். இக்காலத்தில் பழைய இலைகளில் ஒரு பகுதி உதிரும். துளிர்த்து வரும் புது இலைகள் அகன்றும் மெல்லியதாயும் இருக்கும். கிளை நுனிகளில் இப்புது இலைகள் நிறைந்த பிறகே மரத்தை உள்ளே கொண்டுபோகலாம். மூன்று மாதப் பொறுமை இல்லாதவர், நிழற்கூடத்திலேயே வளர்ந்த மரத்தைக் கேட்டு வாங்குதல் நலம். விலை சிறிது கூடினும் குறைவில்லை. பண்ணையில் மரம் எவ்விடத்தில் நின்றது என்பதைக் கண்ணால் பார்க்காமல், வண்டியில் ஏற்றி வந்த மரத்தை வாசலில் வாங்குவது எக்காரணத்தாலும் ஆகாது.

உள்ளே வைக்கும் இடம் கிழக்கு அல்லது வடக்கு ஜன்னலுக்கு மூன்று முதல் ஐந்தடிக்குள் இருக்க வேண்டும். காலை வெயில் சிறிது நேரம் படுவது நன்மையே. மேற்கு ஜன்னலின் பிற்பகல் வெயில் கண்ணாடி வழியாய்த் தாக்குமாயின் மெல்லிய திரை போடலாம். குளிர்சாதனப் பெட்டியின் காற்று நேரே படும் இடம் ஆகாது. இடத்தைத் தேர்ந்துகொண்ட பின் மரத்தை அங்கேயே விட்டுவிட வேண்டும். விருந்தாளி வந்தால் வாசலுக்கும், அவர் போனால் மூலைக்கும், கூட்டம் நடந்தால் மேடைக்கும் தூக்கிக்கொண்டு திரிவது இம்மரத்துக்குப் பிடிப்பதில்லை. வாரத்துக்கு ஒருமுறை தொட்டியைக் கால் வட்டம் திருப்பி வைப்பதால் தீங்கில்லை. கிளைகள் ஒரு பக்கமாய்ச் சாயாதிருக்கும்.

சில கச்சேரிகளில் இரண்டு ஜதைத் தொட்டிகள் வைத்துக்கொண்டு, ஒரு வாரம் உள்ளே, ஒரு வாரம் வெயிலில் என்று மாற்றி வருகின்றனர். மணிபிளாண்டு, கற்றாழை முதலியவற்றுக்கு இது எப்படியோ தெரியாமல் போகலாம். பைகஸுக்கு இதைவிடக் கெடுதலான ஏற்பாடு வேறில்லை. ஒவ்வொரு மாற்றத்திற்கும் அது இலையைக் கொட்டும். புது இலை விரியுமுன் அடுத்த மாற்றம் வந்துவிடும். முறை மாற்றியே ஆகவேண்டுமானால், வெளியே ஓய்வுக்கு வைக்கும் இடமும் நிழலாய் இருத்தல் வேண்டும். தவணையும் இரண்டு மூன்று மாதத்துக்குக் குறையாதிருத்தல் வேண்டும்.

தொட்டிக்கு மண் கலப்பதில் சிரமம் ஒன்றுமில்லை. செம்மண் இரண்டு பங்கு, நன்கு மட்கிய தொழுவுரம் ஒரு பங்கு, ஆற்று மணல் ஒரு பங்கு போதும். கரிசல் மண் ஆகாது. தென்னை நார்க்கழிவு சேர்ப்பதானால் அதைத் தண்ணீரில் இரண்டு மூன்று முறை அலசி உப்பை நீக்கிவிட வேண்டும். தொட்டியின் அடியில் துவாரம் கட்டாயம் இருக்க வேண்டும். அலங்காரத்துக்காக விற்கும் பீங்கான் தொட்டிகள் பலவற்றில் அது இல்லாமை கண்டிருக்கின்றேன். இரண்டு மூன்று வருஷத்துக்கு ஒருமுறை வேர்களைக் கால் பங்கு கழித்து, புது மண்ணில் மாற்றி வைக்கலாம்.

தண்ணீர் விஷயம் விரிவாய்ச் சொல்லத் தக்கது. கச்சேரிகளில் காலையில் கதவைத் திறக்கும் சிப்பந்தி, மேசையைத் துடைப்பதுபோலவே நாள் தவறாமல் ஒரு சொம்பு ஜலம் ஊற்றிவிடுகிறார். அவர் விடுமுறையில் சென்றால் பத்து நாள் ஒரு சொட்டும் இல்லை. மத்தியில் குடித்து மிஞ்சிய தேநீரும் தொட்டிக்கே போய்ச் சேர்கின்றது. நாட்கணக்கை விட்டு, மண்ணைப் பார்த்துத் தண்ணீர் விடவேண்டும். விரலை மண்ணில் இரண்டங்குலம் செருகிப் பார்த்து, அவ்வளவு ஆழமும் காய்ந்திருந்தால் மட்டும் விட வேண்டும். விடும்போது அடித் துவாரத்தின் வழியாய் வடியும் மட்டும் நிறைய விட்டு, அடித்தட்டில் தேங்கியதைக் கால் மணி நேரத்தில் கொட்டிவிட வேண்டும். தொட்டியைச் சிறிது சாய்த்துப் பார்த்து, கனத்தைக் கொண்டே ஈரத்தை அறியும் பழக்கம் சில நாளில் வந்துவிடும். கோடையில் வாரத்துக்கு இரண்டு முறையும், மழைக் காலத்தில் எட்டுப் பத்து நாளைக்கு ஒருமுறையும் தேவைப்படுதல் சாதாரணம். ஆயினும் விரலே சாட்சி. உவர்ப்புக் கிணற்று நீர் விடும் ஊர்களில் மண்ணின் மேலும் தொட்டியின் விளிம்பிலும் வெள்ளை பூக்கும். அங்கே மூன்று மாதத்துக்கு ஒருமுறை தொட்டியை வெளியே நிழலில் வைத்து, மழை நீராலோ நல்ல நீராலோ உப்பு கழுவிப் போகும்படி பலமுறை ஊற்றி வடிய விடவேண்டும்.

எரு சொற்பமே போதும். வளரும் பருவத்தில் இரண்டு மாதத்துக்கு ஒரு பிடி மண்புழு உரம், அல்லது மாதத்துக்கு ஒருமுறை லிட்டர் தண்ணீருக்கு ஒரு கிராம் வீதம் 19:19:19 உரம் கரைத்து விடலாம். வீட்டினுள் கடலைப் பிண்ணாக்கு இடுவது துர்நாற்றத்தையும் எறும்பையும் வரவழைப்பதோடு சரி.

நிற்க. இலை முழுவதும் கொட்டிய மரத்தை என்ன செய்வது என்பதே எல்லோரும் கேட்கும் கேள்வி. நகத்தால் ஒரு சிறு கிளையின் பட்டையைச் சுரண்டிப் பார்க்கவும். உள்ளே பசுமையாயும் ஈரமாயும் இருந்தால் மரம் உயிரோடிருக்கின்றது. நுனிக் கிளை பழுப்பாய்க் காய்ந்திருந்தால், கீழே கீழே சுரண்டிக்கொண்டு வந்து, பச்சை தென்படும் இடத்துக்கு மேல் வெட்டிவிடவும். இப்போது ஜாக்கிரதையாய் இருக்க வேண்டிய காரியம் தண்ணீர்தான். இலை நிறைந்த மரம் மண்ணிலுள்ள நீரை இழுத்து ஆவியாக்கிக்கொண்டிருந்தது; வெறும் மரத்துக்கு அச்செலவு இல்லை. முன் போலவே ஊற்றினால் மண் சேறாய் நின்று, வேருக்குக் காற்றில்லாமல் அழுகிவிடும். வடிகால் அடைபட்ட வயலில் பயிர் மஞ்சளித்து நிற்பதற்குக் காரணமும் இதுவே அல்லவா? ஆகையால் முன் ஊற்றியதில் நான்கில் ஒரு பங்குக்கு மேல் போகாமல், மண் நன்றாய்க் காய்ந்த பிறகே விடவேண்டும். எரு ஒன்றும் கூடாது. வெளிச்சமுள்ள நிழலில் ஓரிடத்தில் வைத்து, அங்கிருந்து அசைக்காதிருந்தால், மூன்று முதல் ஆறு வாரத்துக்குள் கணுக்களில் மொட்டுக் கிளம்பும். அத்துளிர் அவ்விடத்து வெளிச்சத்துக்கென்றே பிறந்த இலையாதலால் எளிதில் உதிராது.

இலை கொட்டுவதற்கு வேறொரு காரணமும் உண்டு. பழம் பழுக்க வைக்கும் எத்திலீன் வாயு, இம்மரத்தின் இலைக்காம்பைக் கழலச் செய்யும். மூடிய வண்டியில் மா, வாழைக்காய்களுடன் இதனை ஏற்றி வருவதும், பழம் ஊதும் அறையை ஒட்டி வைப்பதும் கூடாது.

பூச்சிகளுள் முக்கியமானது ஒரு வகை இலைப்பேன். திறந்த வெளியிலும் நிழற்கூடத்திலும் நிற்கும் மரங்களில் இளந்துளிர் நடுநரம்போடு இரண்டாய் மடிந்து, சோழிபோல் மூடிக்கொள்ளும். பிரித்துப் பார்த்தால் கறுத்த பேன்களும் முட்டைகளும் தென்படும். மடிந்த இலைக்குள் மருந்து புகாது. ஆகையால் அவ்விலைகளைக் கிள்ளி எரித்துவிடுவதே சிறந்தது. வீட்டினுள் மாவுப்பூச்சியும் செதிற்பூச்சியும் தோன்றும். எறும்பு சாரையாய் ஏறுவதும், தரை பிசுபிசுப்பாய் இருப்பதும் இவற்றின் அறிகுறி. ஈரத் துணியால் துடைத்து நீக்கிவிட்டு, லிட்டருக்கு 5 மில்லி வேப்பெண்ணெயைச் சிறிது சோப்புக் கரைசலுடன் கலந்து, தொட்டியை வெளியே நிழலில் வைத்துத் தெளிக்கலாம். மாதம் இருமுறை இலைகளைத் துடைத்து வருதல் பூச்சிக்கும் தூசிக்கும் ஒருங்கே பரிகாரமாகும்.

துடைப்பதற்கு மற்றொரு முகாந்தரமும் உண்டு. ஆலைப்போல் இதற்கும் பால் வடியும். அப்பால் சிலருடைய தோலில் அரிப்பை உண்டாக்கும். அதோடு நில்லாமல், இலையின்மேல் படியும் தூசியோடு கலந்து காற்றில் பரவி, சிலருக்கு மூக்கொழுக்கும் இளைப்பும் வரச் செய்வதை ஸ்வீடன் தேசத்து வைத்தியர்கள் 1987-ம் வருஷத்தில், செடிகளைப் பராமரிக்கும் தொழிலாளரிடம் கண்டு பிரசுரித்தனர். ரப்பர்க் கையுறை ஒவ்வாதவர்களும், ஆஸ்த்மா உள்ளவர்களும் இதனைப் படுக்கையறையில் வைக்காதிருத்தல் நலம். கிளை கழிக்கும்போது கையுறை அணிந்து, வெட்டுவாயை ஈரத் துணியால் ஒற்றி எடுக்கவும். நாய், பூனைகள் இலையை மென்றால் வாய் எரிச்சலும் வாந்தியும் வரலாம்.

இம்மரம் அறையின் காற்றைச் சுத்தி செய்கின்றது என்று விற்பவர்கள் சொல்லுவதைப் பற்றியும் ஒரு வார்த்தை. அமெரிக்க ஆகாய ஆராய்ச்சி ஸ்தாபனமாகிய நாஸா 1989-ம் வருஷத்தில் வெளியிட்ட அறிக்கையில், மூடிய சிறு பெட்டிக்குள் வைத்த சில செடிகள் விஷ ஆவிகளைக் குறைத்ததாய்க் கண்டிருக்கின்றது. இம்மரமும் அவற்றுள் ஒன்று. ஆனால் கதவும் ஜன்னலும் உள்ள வீடு மூடிய பெட்டியன்று. இத்தகைய பரீட்சைகள் பலவற்றை ஒன்றுசேர்த்துக் கணக்கிட்டு 2019-ம் வருஷத்தில் வெளியான ஆராய்ச்சியின்படி, ஜன்னல் காற்றுக்குச் சமமாய்ச் செடிகள் வேலை செய்ய வேண்டுமானால், ஒவ்வொரு சதுர மீட்டர் தரைக்கும் பத்து முதல் ஆயிரம் செடிகள் வரை வேண்டியிருக்கும். கண்ணுக்குக் குளிர்ச்சி என்று வாங்குவோர் தாராளமாய் வாங்கலாம். காற்றுக்காக என்று ஊராட்சிப் பணத்தைச் செலவிடுவோர் ஜன்னலைத் திறந்து வைப்பதே சிக்கனம்.

கிணற்றுப் பாசனமும் நிழல்வலைக் கூடமும் உள்ள குடியானவர்கள், பட்டணங்களுக்கு அருகில் இருப்பின், இதனைச் சிறு அளவில் விற்பனைக்கு வளர்க்க யோசிக்கலாம். மழைக் காலத்தில் பென்சில் பருமனுள்ள கிளைகளை ஐந்தாறு அங்குலத் துண்டுகளாய் வெட்டி, பாலைக் கழுவி, வேர் ஊக்கிப் பொடியில் தோய்த்து மணலில் நட்டு, பாலித்தீன் தாளால் மூடி ஈரம் காத்தால் ஒன்று ஒன்றரை மாதத்தில் வேர்விடும். பெரிய கன்று விரைவில் வேண்டுவோர் விண்பதியம் போடலாம். 'ஸ்டார்லைட்' என்னும் வெள்ளை ஓர இலை வகைக்குக் கிராக்கி உண்டு. ஆனால் பச்சை குறைந்த இலையாதலால் அதற்கு வெளிச்சம் அதிகம் வேண்டும், வளர்ச்சியும் மந்தம். மூன்று கன்றுகளை ஒரு தொட்டியில் நட்டு, தண்டுகளைப் பின்னிவிட்டால் நாளடைவில் அவை ஒன்றாய் ஒட்டிக்கொள்ளும், பார்வைக்கு அழகு. எதுவாயினும், விற்பதற்கு முன் கடைசி மூன்று மாதத்தை நிழலில் கழித்து, அதைச் சொல்லியே விற்க வேண்டும். வாங்கினவர் வீட்டில் இலை தங்கினால்தான் அடுத்த முறையும் நம்மிடம் வருவார்.

தொட்டிக்கு அடங்காமல் வளர்ந்துவிட்ட மரத்தைக் கச்சேரிச் சுவரோரம் குழி வெட்டி நட்டுவிடும் வழக்கம் சில இடங்களில் காணப்படுகின்றது. இதன் வேர் ஆலின் வேருக்குச் சளைத்ததன்று. சாக்கடையையும் குடிநீர்க் குழாயையும் தேடிச் சென்று அடைக்கும், தளத்தைத் தூக்கும், சுவரைப் பிளக்கும். கட்டிடம், கிணறு, குழாய், மதகு இவற்றிலிருந்து ஐம்பதடிக்குக் குறையாத இடம் இருந்தால் மட்டும் நடலாம். இடமில்லாத பட்சத்தில், வேரையும் கிளையையும் மூன்றில் ஒரு பங்கு கழித்து, அதே தொட்டியில் புது மண்ணிட்டு வைத்து, புதுத் துளிர் நிறையும் வரையில் வடக்குத் தாழ்வாரத்திலேயே விட்டிருந்து, பிறகு பழைய ஜன்னலருகே கொண்டுபோய் வைக்கலாம். இவ்வேலைக்கு ஆடி, ஆவணி மாதங்கள் ஏற்றவை.